குண்டு விழுந்த தூரம்

இலக்கிய வாசகர்களுக்கு மஞ்சக்குப்பம் ஜெயகாந்தன் பிறந்த ஊர். எனக்கு அது சின்னம்மா இட்லிக்கடை வைத்திருக்கும் ஊர். வரலாறு படித்தவர்கள் இன்னொரு கதை சொல்வார்கள்.

1690இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பக்கத்துத் தேவனாம்பட்டினத்தில் இருந்த ஒரு கோட்டையை மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு சுற்றியிருக்கும் நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம்? பீரங்கியில் சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரைக்கும். கம்பெனிக்காரர்கள் பெரிய பீரங்கியாகக் கொண்டுவந்து வைத்து நாலா திசையிலும் சுட்டார்கள். கடலூர்ப் பட்டினம் உட்பட, குண்டு போன தூரமெல்லாம் அவர்களுடையதாயிற்று. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் விழுந்தது. கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள்.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது வேடிக்கையாக இருந்தது. பொருளாதாரம் படிக்கப் போன பிறகு பயமாக இருந்தது. அளவுகோல் என்னவென்று பேசி முடித்தபோது விற்றவர்களுக்கு அது சாதாரண வார்த்தையாகத்தான் தெரிந்திருக்கும். எந்தப் பீரங்கி, எவ்வளவு மருந்து என்பதெல்லாம் வாங்கியவர் கையில் இருந்தது. அந்தக் குண்டு விழுந்த வயலில் அன்றைக்கு வேலை செய்துகொண்டிருந்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை இன்னொரு அளவுகோலைப் பற்றியது. மக்கள் போடும் டெபாசிட்டை ஒரு வங்கி எவ்வளவு திறமையாகக் கடனாக மாற்றுகிறது என்பதை அளக்கும் கோல். இலக்கிய இதழில் வங்கிக் கணக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாவலை வாசிக்கும்போது, கதையைச் சொல்வது யார், அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார், அவரை எவ்வளவு நம்பலாம் என்றெல்லாம் கேட்கப் பழகியிருக்கிறோம். எண்ணும் கதை சொல்கிறது. அதையும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம். இன்னொரு காரணமும் உண்டு. இந்த அளவுகோலை வைத்து நானே ஓர் ஆய்வேடு எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வாக்கியம் பல வருடமாகத் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது.

*

முதலில் எளிய கோல். வங்கிக்காரர்கள் சி.டி. ரேஷியோ என்பார்கள், கடன்-வைப்பு விகிதம். ஒரு கிளையில் ஊர் மக்கள் போட்டு வைத்த பணம் 100 ரூபாய், அந்தக் கிளை கொடுத்திருக்கும் கடன் 60 ரூபாய் என்றால் விகிதம் 60. அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

இந்த எண் ஒரு நல்ல கோபத்தின் கையில் ஆயுதமாக இருந்தது. 1969 ஜூலை 19 அன்று இந்தியன் வங்கி உள்ளிட்ட 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அதே வருடக் கடைசியில் லீட் பேங்க் திட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வங்கி முன்னோடி. கடலூர் மாவட்டத்துக்கு இந்தியன் வங்கி. அப்போது எல்லோரையும் அரித்த கேள்வி ஒன்றுதான்: கிராமத்துச் சனங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு, கிளை வழியாக உறிஞ்சப்பட்டு நகரத்து ஆலைக்காரருக்குக் கடனாகப் போகிறதா? போகிறது என்று நிரூபிக்க ஓர் எண் தேவைப்பட்டது. அந்த எண்தான் இது. கிராமப்புற, சிறுநகரக் கிளைகளில் இது 60 ஆக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளிடம் சொன்னது. 40க்குக் கீழே போகும் மாவட்டங்களில் தனித் துணைக்குழு போட்டுக் கண்காணிக்க வேண்டும் என்று 2005இல் விதி வந்தது. ஆட்சியர் தலைமையில் நடக்கும் வங்கியாளர் கூட்டத்தில் ஒரு மேலாளரை நிற்க வைத்துக் கேள்வி கேட்க இந்த விகிதம் இன்றைக்கும் உதவுகிறது. அதனால் இதை ஏளனம் செய்ய எனக்கு மனசு வராது.

ஆனால் இது ஒரு பக்கம் மட்டுமே வெட்டும் கத்தி. விகிதம் குறைவாக இருந்தால் ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடும். அதிகமாக இருந்தால் எல்லாம் சரி என்று அதனால் சொல்ல முடியாது. மெட்ராஸில் ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒன்று இருந்தது. மாகாணம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் நம்பிப் பணம் போட்டிருந்தார்கள். அவர்களுடைய பணம் பெட்டியில் தூங்கவில்லை, எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. 1906 அக்டோபரில் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்தது. பெட்டியில் பணம் தூங்காததுதான் திறமை என்றால் திவாலாவதற்கு முந்தைய நாள் வரை ஆர்பத்நாட் திறமைசாலிதான். அந்த அடியின் வலியில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் முனைந்து 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். நம் மாவட்டத்தின் முன்னோடி வங்கி பிறந்த கதையே, பணம் வெளியே போனால் மட்டும் போதாது என்று சொல்லும் கதை.

தமிழ்நாட்டில் எல்லா வங்கிகளையும் சேர்த்தால் இந்த விகிதம் நூறைத் தாண்டுகிறது. முதன்முதலில் கேட்பவர்களுக்கு இது புதிராக இருக்கும். 100 ரூபாய் டெபாசிட்டில் 18 ரூபாய் அரசுப் பத்திரங்களிலும், 3 ரூபாய் ரிசர்வ் வங்கியிடமும் இருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. மிச்சம் 79தான். பிறகு எப்படி நூறுக்கு மேல் கடன்? வங்கி தன் மூலதனத்தைப் போடுகிறது, வெளியே கடன் வாங்குகிறது, வேறு மாநிலத்து டெபாசிட் இங்கே வருகிறது. கிராம வங்கிகளுக்கு நபார்டு மறுநிதி தருகிறது. போதாததற்கு ஒரு கடன் கையெழுத்தாவது ஓர் ஊரில், செலவாவது இன்னோர் ஊரில். ரிசர்வ் வங்கியே அனுமதிக்கப்பட்ட இடம், பயன்படுத்தப்பட்ட இடம் என்று இரண்டு விதமாகப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. ஒரே கடன், இரண்டு ஊர். எந்த ஊர்க் கதையில் அதைச் சேர்ப்பது என்பது சொல்பவர் கையில் இருக்கிறது.

*

அடுத்தது கொஞ்சம் பெரிய கோல். இதுதான் என் ஆய்வேட்டின் பீரங்கி. பெயர் டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ். டி.இ.ஏ. என்பார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சின்னம்மாவின் கடையை வைத்தே சொல்லிவிடலாம்.

மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி ஐந்து இட்லிக்கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடைக்குள்ளும் போவது அரிசி, உளுந்து, கேஸ், ஆள். வெளியே வருவது இட்லி. ஒரு கிலோ அரிசிக்கு எந்தக் கடை அதிக இட்லி எடுக்கிறதோ அதற்கு மதிப்பெண் 1. மற்ற கடைகளுக்கு, அந்தக் கடையிலிருந்து எவ்வளவு பின்னால் நிற்கிறதோ அதற்கேற்ப 0.8, 0.6 என்று. முன்னால் நிற்கும் கடைகளை ஒரு கோட்டால் இணைத்தால் அதுதான் எல்லைக்கோடு. வங்கி என்று வந்தால் அரிசிக்குப் பதில் டெபாசிட், இட்லிக்குப் பதில் கடன். ஆள் செலவும் அலுவலகச் செலவும் உள்ளே போகும் கணக்கில் சேரும்.

இந்த யோசனைக்கு விதை போட்டவர் ஃபாரல், 1957இல். அதைக் கணக்காக்கியவர்கள் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூவர், 1978இல். அவர்கள் இதை வங்கிக்காகச் செய்யவில்லை என்பதுதான் விசேஷம். அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கான ஒரு பள்ளித் திட்டத்தை மதிப்பிட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லாபம் கிடையாது; அப்புறம் எதை வைத்து நல்ல பள்ளி, சுமாரான பள்ளி என்று சொல்வது? லாபத்தை வைத்து எடைபோடக் கூடாத இடங்களை எடைபோட வந்த கருவி அது. இன்றைக்கு அதை அதிகம் தூக்கிக்கொண்டு திரிபவர்கள் வங்கி ஆய்வாளர்கள். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன்.

இந்தக் கருவியில் எனக்கு மூன்று இடங்களில் இடிக்கிறது.

முதலாவது, அந்த 1. அது ஒப்பீட்டு மதிப்பெண் மட்டும்தான். வகுப்பில் எல்லோரும் ஃபெயில் என்றாலும் 34 வாங்கியவன் முதல் ரேங்க். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நம் பாட்டிகள் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் நாங்கள் இந்தப் பழமொழியை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, டெபாசிட்டை எங்கே வைப்பது என்பது. 1977இல் சீலியும் லிண்ட்லியும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பெரும்பாலான ஆய்வுகள் டெபாசிட்டை மூலப்பொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. அரிசி மாதிரி. எதிர்த் தரப்பும் இருக்கிறது: டெபாசிட் வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பதே வங்கி செய்யும் ஒரு சேவை, அது வெளியே வரும் பொருள் என்று. இது ஏதோ பேராசிரியர்களின் சண்டை என்று தோன்றும். சின்னம்மாவைக் கேட்டால் அவர் இரண்டாவது கட்சி. கடையை மூடும்போது கையில் நிற்கும் 200, 300ஐ அவர் வங்கியில் போடுவது வட்டிக்காக இல்லை. வீட்டில் வைத்தால் சித்தப்பாவின் கண்ணில் படும். "வட்டி கெடக்குது தம்பி, நாளைக்குக் காலைல உளுந்து வாங்க அந்தக் காசு இருக்கணும்ல." என் ஆய்வேட்டில் இந்தச் சேவைக்கு மதிப்பு பூஜ்ஜியம். பூஜ்ஜியம்கூட இல்லை, அது செலவுப் பக்கத்தில் நின்றது. சின்னம்மா மாதிரி ஆயிரம் பேர் சின்னச் சின்னதாகப் பணம் போடப் போட, கடன் அதே வேகத்தில் ஏறாவிட்டால், அந்தக் கிளையின் திறன் குறைந்துகொண்டே போகும்.

மூன்றாவது இடிதான் பெரிது. இட்லிக்குள் என்ன இருக்கிறது என்று இந்தக் கருவி பார்ப்பதில்லை.

*

கற்பனையாக இரண்டு கிளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் டெபாசிட் 100 கோடி. முதல் கிளையில் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். கடன் 90 கோடி, அத்தனையும் நகைக்கடன். இரண்டாவதில் எட்டுப் பேர். கடன் 60 கோடி. பண்ருட்டிப் பக்கம் முந்திரி, கறவை மாடு, மகளிர் குழு, தேவனாம்பட்டினத்துப் படகு என்று அது சிதறிக் கிடக்கிறது. இரண்டை மட்டும் ஒப்பிட்டால் முதல் கிளைக்கு 1, இரண்டாவதுக்கு 0.67. இரண்டாவது கிளையில் ஆளும் அதிகம் என்பதால் அதற்கு வாதாட ஒரு வழியும் இல்லை. ஆய்வாளர் என்ன எழுதுவார்? பின்தங்கிய கிளைகள் முன்னணிக் கிளைகளின் நடைமுறையைப் பின்பற்றலாம், பணியாளர்களைச் சீரமைக்கலாம் என்று எழுதுவார். நான் எழுதினேன். அதுதான் முள்.

இப்போது 2011 டிசம்பர் 30ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையைக் கடந்த காலை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஒரு முந்திரிக் கன்று வளர்ந்து நின்று காய்க்கப் பல வருடம் ஆகும். அந்தத் தோப்புகளுக்குக் கடன் கொடுத்த கிளையின் கணக்கில் வாராக்கடன் ஏறும், புதுக் கடன் குறையும், நிவாரணப் பணம் வந்து டெபாசிட் வீங்கும். மூன்றும் சேர்ந்து அதன் திறனைக் கீழே தள்ளும். நகையை மட்டும் வாங்கிப் பூட்டி வைத்த கிளைக்கு எந்தச் சேதமும் இல்லை. தங்கத்தைக் காற்று சாய்ப்பதில்லை. புயலில் மாட்டிய ஊரோடு நின்ற கிளை திறமையற்றது, ஊரின் தங்கத்தோடு நின்ற கிளை திறமையானது என்று கருவி சொல்லும். புயலைக் கணக்கில் சேர்க்க வழிகள் இருக்கின்றன, செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதைச் சேர்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். டெல்லியில் உட்கார்ந்து அட்டவணை போடுபவருக்கு அந்த முந்திரித் தோப்பு தெரிந்திருக்க வேண்டும்.

*

சின்னம்மாவின் கதைக்கு வருகிறேன்.

மைதானத்துப் பக்கம் அவர் கடை. கோர்ட்டுக்கு வருபவர்கள், திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்க வருபவர்கள்தான் வியாபாரம். சிதம்பரத்தில் படித்த காலம் முழுக்க வாரக் கடைசியில் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. ஆய்வேட்டை பைண்டு பண்ணக் காசு கொடுத்ததும் அவர்தான்.

நான் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வைவாவுக்குக் காத்திருந்த சமயம். பெரிய கிரைண்டரும் புதுத் தள்ளுவண்டியும் வாங்க 80,000 ரூபாய் வேண்டும் என்று தான் பல வருடமாகப் பணம் போட்டுவந்த வங்கிக்குப் போனார். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை. சிறுதொழிலுக்கு 10 லட்சம் வரை கடன் கொடுக்கப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2010லேயே சொன்ன விதி. 2015இல் வந்த முத்ரா திட்டமும் அதற்குத்தான். நான் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். படித்த பிள்ளை இருக்கும் வீடு அல்லவா.

மேலாளர் தாளை வாங்கிப் படித்தாராம். மரியாதையாகத்தான் பேசினாராம். கடைக்கு ரசீது புத்தகம் உண்டா, வாடகைப் பத்திரம் உண்டா, மூன்று வருட வரவு செலவு உண்டா என்று கேட்டிருக்கிறார். கடைசியில், "எதுக்கும்மா இவ்ளோ அலைச்சல்? நகை இருந்தா எடுத்தாங்க, ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும்" என்று சொல்லியிருக்கிறார்.

சொன்னபடி முடிந்தது. நகை மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்தார், அமிலத்தை விட்டுப் பார்த்தார், தராசில் வைத்தார். சங்கிலியைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டார்கள். சின்னம்மாவைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை எத்தனை இட்லி போகும், எந்த வக்கீல் கடன் வைப்பார், மழைக்காலத்தில் எத்தனை நாள் கடை கிடையாது என்று கிரைண்டர் கடனுக்குத் தேவையான விவரங்கள் எதுவும் அந்த மேஜை மேல் வரவேயில்லை.

அன்று ராத்திரி என் ஆய்வேட்டைப் பற்றிக் கேட்டார். பொதுவாகக் கேட்க மாட்டார். டெபாசிட் எப்படிக் கடனாகிறது என்பதைப் பற்றி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"என்னாடா கணக்கு இது? நான் போட்டது என் காசு. வாங்கியாந்தது என் நகைக்கு. நடுவுல பேங்க் என்ன பண்ணுச்சு?"

என்னிடம் பதில் இருந்தது. வங்கி இடைநிலை நிறுவனம், சின்னச் சேமிப்புகளைச் சேர்த்துப் பெரிய கடனாக்குகிறது, குறுகியகாலப் பணத்தை நீண்டகாலத்துக்கு மாற்றுகிறது, யாரை நம்பலாம் என்று சேமிப்பவர் சார்பில் விசாரித்து அறிகிறது. 1984இல் டயமண்ட் என்ற பொருளியலாளர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமே அந்தக் கடைசிப் பாகம்தான். சொல்ல வாயெடுத்தபோதுதான் புரிந்தது, சின்னம்மா விஷயத்தில் இவற்றில் கடைசியானது நடக்கவேயில்லை என்று. வங்கி அவருடைய காசை வைத்துக்கொண்டு அவருடைய சங்கிலியையும் வைத்துக்கொண்டது. என் அட்டவணையில் அது டெபாசிட் பக்கத்தில் ஒரு துளி, கடன் பக்கத்தில் இன்னொரு துளி. திறன் ஏறியது.

*

நகைக்கடனைத் திட்டி இதை முடித்துவிட முடியாது. அப்படிச் செய்தால் சின்னம்மாவே என்னை விட மாட்டார். கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து கத்தியதை அவர் பார்த்திருக்கிறார். 2003இல் கந்துவட்டித் தடைச்சட்டம் வந்தும் அந்தத் தொழில் நின்றுவிடவில்லை. அந்த இடத்தில் வங்கியின் நகைக்கடன் பெரிய விடுதலை. யார் காலிலும் விழ வேண்டாம், கையெழுத்துப் போட ஆண்பிள்ளை வேண்டாம், பெண்ணின் கழுத்தில் கிடப்பது பெண்ணின் பெயரிலேயே பணமாகிறது. ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் மாதம் நகைக்கடனுக்குப் புதிய வரைவு விதிகளை வெளியிட்டபோது தமிழ்நாட்டில் கிளம்பிய எதிர்ப்பே, அது எத்தனை வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்டது என்று காட்டியது. ஜூனில் வந்த இறுதி விதியில் 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை தரலாம் என்று தளர்த்தினார்கள்.

என் சண்டை நகைக்கடனோடு இல்லை. கிரைண்டர் கடனையும் நகைக்கடனையும் ஒரே இட்லி என்று எண்ணும் கருவியோடுதான். நகை இருப்பவருக்குக் கொடுக்க ஒரு உரைகல் போதும். நகை இல்லாதவருக்குக் கொடுக்க ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். ஊரைத் தெரிந்துகொள்ள ஆள் வேண்டும், நாள் வேண்டும், சைக்கிள் மிதிக்க வேண்டும். இந்தச் செலவெல்லாம் டி.இ.ஏ. கணக்கில் உள்ளே போகும் பக்கத்தில் நின்று மதிப்பெண்ணைக் குறைக்கும். அந்தச் செலவால் கிடைத்த அறிவுக்கு வெளியே வரும் பக்கத்தில் கட்டமே கிடையாது.

கிராம வங்கிகளைத் தொடங்கியதே இந்த அறிவுக்காகத்தான் என்பதை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது. கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊர் தெரியும், வங்கித் தொழில் தெரியாது. பெரிய வங்கிக்குத் தொழில் தெரியும், ஊர் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒன்று வேண்டும் என்றது 1975இல் நரசிம்மம் குழு. செப்டம்பர் 26 அன்று அவசரச் சட்டம். அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் முதல் வங்கிகள் திறந்தன. மத்திய அரசுக்கு 50 விழுக்காடு, மாநில அரசுக்கு 15, ஆதரவு வங்கிக்கு 35 என்று பங்கு. நாட்டில் ஒரு காலத்தில் இப்படி 196 வங்கிகள் இருந்தன.

கடலூர்ப் பக்கத்துக்கும் ஒன்று இருந்தது: வள்ளலார் கிராம வங்கி. 2006இல் அது அதியமான் கிராம வங்கியோடு சேர்ந்து பல்லவன் கிராம வங்கி ஆனது. 2019 ஏப்ரலில் பல்லவனும் பாண்டியனும் சேர்ந்து, சேலத்தைத் தலைமையகமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி. பெயர்களை மட்டும் வாசித்துப் பாருங்கள். மருதூரில் பிறந்து வடலூரில் அடுப்பு மூட்டிய ஒருவர் பெயர், பிறகு ஒரு அரச வம்சத்தின் பெயர், பிறகு மாநிலத்தின் பெயர். ஒவ்வொரு இணைப்புக்கும் சொல்லப்படும் காரணம் செயல்திறன். 2025 மே 1 முதல் ஒரு மாநிலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நாடு முழுக்க 43 வங்கிகள் 28 ஆகிவிட்டன. கம்ப்யூட்டர் செலவு மிச்சமாகும், மூலதனம் பலப்படும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் வங்கி பெரிதாகப் பெரிதாக, மேலாளருக்குத் தெரிந்த ஊர் சின்னதாகிறதா என்று கேட்க என் கருவியில் இடமில்லை.

எண்கள் இப்போது நன்றாகவே இருக்கின்றன. 2024 மார்ச் 31 அன்று நாட்டின் கிராம வங்கிகளில் டெபாசிட் சுமார் 6.6 லட்சம் கோடி, கடன் சுமார் 4.7 லட்சம் கோடி, விகிதம் 71.2. அந்த வருட லாபம் 7,571 கோடி. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். சந்தோஷப்பட்டுக்கொண்டே அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்: அந்த 4.7 லட்சம் கோடியில், கொடுப்பவர் வாங்குபவரைத் தெரிந்துகொண்டு கொடுத்தது எவ்வளவு?

*

விமர்சகன் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பார்கள். சரி.

புதுப் புள்ளிவிவரம் எதையும் பூமியைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. கடன் கணக்குகளின் தொழில், வகை, வட்டி, இடம் எல்லாவற்றையும் ரிசர்வ் வங்கி எழுபதுகளிலிருந்தே வாங்கி வைக்கிறது. ஒவ்வொரு கிளையின் விகிதத்துக்குப் பக்கத்திலும் மூன்று வரி சேர்த்தால் போதும். நகையோ சொத்தோ பிடிக்காமல் கொடுத்த கடன் எவ்வளவு. வாழ்க்கையில் முதல் தடவையாக வங்கிக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர். கொடுத்த கடன் எந்த ஊரில் செலவானது. இந்த மூன்றையும் வெளியே வரும் பக்கத்தில் வைத்து அதே டி.இ.ஏ.வை ஓட்டலாம். கருவிக்கு எந்த விரோதமும் கிடையாது. அது சொன்னதைச் செய்யும். நாம் வரைந்த கற்பனைக் கிளைகளில் இரண்டாவதுக்கு அப்போது மதிப்பெண் ஏறும். எட்டுப் பேர் ஏன் வேண்டும் என்பதற்குக் காகிதத்திலேயே ஒரு பதில் இருக்கும். முதல் கிளையும் கீழே விழாது. அது சீக்கிரமாகவும் மலிவாகவும் செய்யும் வேலைக்கு உரிய மதிப்பெண்ணோடு நிற்கும். அந்த வேலை எது என்று மட்டும் தெரிந்துவிடும்.

எங்கள் ஊரில் அன்றைக்குப் பீரங்கிக்குப் பதில், ஒரு மாடு ஒரு நாளில் உழும் தூரம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் எல்லை வேறு இடத்தில் விழுந்திருக்கும். அதுவும் ஓர் அளவுகோல்தான், அதுவும் துல்லியமானதுதான்.

சின்னம்மா சங்கிலியை ஒன்றரை வருடத்தில் மீட்டுவிட்டார். போன மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனபோது கழுத்தில் இருந்தது. கிரைண்டர் நன்றாக ஓடுகிறது. அப்புறம் அது மறுபடி இரண்டு தடவை வங்கிக்குப் போய் வந்தது என்று தங்கச்சி சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த இரண்டு தடவையும் எங்கோ ஒரு விகிதம் ஏறியிருக்கும்.

என் ஆய்வேட்டின் ஒரு பிரதி அவர் வீட்டில்தான் இருக்கிறது. கறுப்பு ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து. போன வாரம் போனபோது, பின்தங்கிய கிளைகள் பணியாளர்களைச் சீரமைக்கலாம் என்ற அந்த வாக்கியத்தைப் பேனாவால் அடித்துவிடலாம் என்று தேடினேன். அலமாரியில் இல்லை. சமையலறையில் இருந்தது. மாவுத் தூக்கின் மூடி சரியாக உட்காராது, ராத்திரியில் பூனை வந்து தள்ளிவிடும் என்று அதன் மேல் எடைக்கு வைத்திருக்கிறார்.

"நல்ல கனமா இருக்குடா" என்றார்.

எடுக்காமல் விட்டுவிட்டு வந்தேன்.